சோவியத் உடைந்த பிறகு கனிமப் புள்ளிவிவரம் எங்கே போனது? (1985–2005 தொடர் தேவை)

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். அரசுத் திட்டத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளில் சுரங்கத் தொழில் எப்படிச் சரிந்தது, எப்படி எழுந்தது என்பது தலைப்பு. ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், மங்கோலியா என்று ஐந்து நாடுகளை எடுத்திருக்கிறேன். குரோமைட், நிக்கல், ஆண்டிமனி, செம்பு, தங்கம் ஐந்துக்கும் 1985 முதல் 2005 வரை ஆண்டுவாரியாக உற்பத்தி வேண்டும்.

1991க்கு முன்னால் சோவியத் மொத்தம் மட்டும்தான் கிடைக்கிறது. அதிலும் பாதி அமெரிக்கர்கள் போட்ட மதிப்பீடு. சரி, மூடிக் கிடந்த நாடு என்று விட்டுவிட்டேன். 1992க்குப் பிறகாவது தெளிவாக இருக்கும் என்று பார்த்தால் இன்னும் குழப்பம். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே உலோகத்துக்கு மூன்று புத்தகத்தில் மூன்று எண். கிர்கிஸ்தான் ஆண்டிமனி ஓர் அட்டவணையில் பெரிய எண்ணாக நிற்கிறது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குச் சின்னது. சில ஆண்டுகளுக்கு வெறும் கோடு.

கைடு கேட்டது இதுதான்: "சந்தை வந்தா தகவல் பெருகும்னு பாடம் எடுக்கிறோம். உன் அட்டவணையில சந்தை வந்ததும் தகவல் கொறையுதே, ஏன்?" என்னிடம் பதில் இல்லை.

எந்த எண்ணை நம்புவது? சோவியத் மொத்தத்தை 1992ஆம் ஆண்டு விகிதப்படி நாடுகளுக்குப் பிரித்து 1985 வரை பின்னோக்கிப் போட்டால் தப்பா? இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மைனர் எழுதியது:

பாஸ், அவங்களே தொலைச்ச கணக்கை நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்னு யார் அழுதா? பேசாம தேயிலை, ரப்பர்னு தலைப்பை மாத்திக்கோங்க. வாரியம் இருக்கு, வருஷா வருஷம் புத்தகம் போடுறான்.

பழைய கணக்கன் எழுதியது:

தம்பி, தலைப்பை மாற்றாதீர்கள். உங்கள் கைடு கேட்ட கேள்விதான் தீசிஸே.

எதை வைத்து இதைச் சொல்கிறேன் என்பதற்காக என்னைப் பற்றி இரண்டு வரி. எண்பதுகளில் சோவியத் உதவித்தொகையில் போய் அங்கே சுரங்கப் பொறியியல் படித்தேன். ரஷ்ய மொழி வாசிப்பான் என்கிற ஒரே காரணத்துக்காகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஓர் உலோக வணிக நிறுவனம் என்னைப் புள்ளிவிவர மேசையில் உட்கார வைத்தது. அடுத்த காலாண்டில் ரஷ்யாவிலிருந்து எத்தனை டன் நிக்கல், எத்தனை டன் அலுமினியம் வரும் என்று சொல்வது என் வேலை. தப்பாகச் சொன்னால் பணம் போகும். ஆகவே எண்களை நான் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் சந்தேகபுத்தி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோவியத்தில் புள்ளிவிவரம் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். மலைமலையாக இருந்தது. ஒவ்வொரு சுரங்கமும் ஆலையும் மாதாமாதம் படிவம் நிரப்பி மேலே அனுப்பியாக வேண்டும். பூமிக்குள் மிச்சம் எவ்வளவு என்பதற்கு ஆண்டுக்கு ஒருமுறை 5-ஜி.ஆர். என்று ஒரு படிவம். இருப்பை எவ்வளவு நிச்சயம் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி1, சி2 என்று வகை பிரித்து, இந்த ஆண்டு தோண்டியது எவ்வளவு, தோண்டும்போது விரயமானது எவ்வளவு, மறுமதிப்பீட்டில் ஏறியது இறங்கியது எவ்வளவு என்று வரிசையாகக் கேட்கும். மாணவனாக ஒரு சுரங்க அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தபோது அதை நிரப்புகிற அம்மாளைப் பார்த்திருக்கிறேன். கூட்டுவதற்கு மணிச்சட்டம், பக்கத்திலேயே இரும்புப் பெட்டி. கையெழுத்தாகி மை காய்ந்ததும் தாள் பெட்டிக்குள் போய்விடும். தன் படி எது என்பதைக்கூட அந்தம்மாள் பதிவேட்டில் எழுதி வாங்கித்தான் பார்க்க முடியும்.

அந்தப் பெட்டி எல்லா உலோகத்துக்கும் இல்லை. நிலக்கரி, எஃகு, இரும்புத்தாது, சிமென்ட் எல்லாம் டன் கணக்கில் ஆண்டுப் புத்தகத்தில் பெருமையாக அச்சாகும். நிக்கல், செம்பு, தங்கம், வைரம், யுரேனியம் என்றால் வாயே திறக்க மாட்டார்கள். எந்த ஆலை திட்டத்தை எத்தனை சதவீதம் தாண்டியது என்று மட்டும் பத்திரிகையில் வரும். வாஷிங்டனில் சுரங்கப் பணியகத்தில் இருந்தவர்கள் அந்தச் சதவீதங்களையும், இறக்குமதி செய்த நாடுகளின் சுங்கக் கணக்கையும், எப்போதோ வெளியான பழைய எண் ஒன்றையும் வைத்துக்கொண்டுதான் ஆண்டுக்காண்டு மதிப்பீடு போட்டார்கள். அடிப்படை எண் தப்பினால் அதன்மேல் அடுக்கிய பத்தாண்டும் தப்பு. 1991 இலையுதிர்காலத்தில் பொருளாதார வல்லுநர் யவ்லின்ஸ்கி, சோவியத்தின் தங்கக் கையிருப்பு சுமார் 240 டன் என்று வெளியே சொன்னார். மேற்கில் அதுவரை ஆயிரக்கணக்கான டன் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உங்கள் கைடு கேட்டதற்கு வருகிறேன். கிழக்கு ஜெர்மனியில் விஸ்முட் என்று ஒரு சோவியத்–ஜெர்மன் யுரேனிய நிறுவனம் இருந்தது. சோவியத் அணுகுண்டுக்கான சுரங்கம், ரகசியத்திலும் ரகசியம். ஜெர்மனி இணைந்த பிறகு மொத்தக் கணக்கும் வெளியே வந்துவிட்டது: 1946 முதல் 1990 வரை 2,31,000 டன் யுரேனியம். ஏன் வந்தது? இணைந்த ஜெர்மனியின் அரசு அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. குழிகளை மூடி மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அதன் தலையில் விழுந்தது. அதற்குக் காகிதம் வேண்டும். கணக்குக்கு ஒரு வாரிசு இருந்தார்.

சோவியத் கணக்குக்கு வாரிசு இல்லை. மாஸ்கோவில் துறை அமைச்சகம் கலைந்தது. குடியரசுகள் பதினைந்தாகப் பிரிந்தன. ஒவ்வொரு தலைநகரிலும் புள்ளிவிவரக் குழுக் கிளை இருந்ததுதான், ஆனால் மொத்தத் துறையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லாமல் போனார். ஆலை தனியார் கைக்குப் போனதும் எண் அந்த முதலாளியின் சொத்தாகிவிட்டது. 'வணிக ரகசியம்' என்று ஒரு புதுப் பூட்டு வந்தது. பழைய 'அரசு ரகசியம்' என்ற பூட்டையும் யாரும் கழற்றவில்லை. ஆக, சில உலோகங்களுக்கு இரண்டு பூட்டு. சந்தை வந்து தகவல் குறைந்தது இப்படித்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று. எண் எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்பதே மாறிப்போனது. திட்டக் காலத்தில் மேலாளருக்கு போனஸ் வேண்டும், ஆகவே கூட்டிச் சொல்வார். சந்தை வந்ததும் வரி கட்ட வேண்டும், ஏற்றுமதி டாலரை உள்ளே கொண்டுவர வேண்டும், ஆகவே குறைத்துச் சொல்வார். 1990க்கும் 1995க்கும் நடுவே நீங்கள் பார்க்கிற சரிவில் ஒரு பகுதி தோண்டுதல் உண்மையிலேயே நின்றதால் வந்தது. இன்னொரு பகுதி, முன்னால் கூட்டியதும் பின்னால் மறைத்ததும் சேர்ந்து காகிதத்தில் உண்டாக்கிய சரிவு. இரண்டையும் பிரிக்காமல் 'உற்பத்தி இத்தனை சதவீதம் விழுந்தது' என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள்.

எங்கள் மேசையில் அந்த நாட்களில் ரஷ்ய உற்பத்திப் புத்தகத்தை யாரும் முதலில் திறக்கவே மாட்டோம். ரோட்டர்டாம் கிடங்குகளில் லண்டன் உலோகச் சந்தையின் கையிருப்பு நேற்று எவ்வளவு ஏறியது என்றுதான் காலையில் பார்ப்போம். ராணுவத் தொழிற்சாலைகள் நின்றுபோனதால் உள்ளூரில் வாங்க ஆளில்லாத அலுமினியம் மொத்தமாக மேற்கே வந்தது. 1993 கடைசியில் விலை டன்னுக்கு 1,050 டாலருக்கும் கீழே. 1994 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் ஆறு தரப்பு உட்கார்ந்து பேசியதில் ரஷ்யா ஆண்டுக்கு 5 லட்சம் டன் குறைப்பதாகச் சொன்னது. எந்த அடிப்படையிலிருந்து 5 லட்சம் என்பதுதான் அப்போது எங்கள் ஆபீஸில் நடந்த சண்டை. குறைத்தார்களா என்று சரிபார்க்கவும் கடைசியில் கிடங்குக் கணக்குதான் கைகொடுத்தது.

எஸ்டோனியாவையும் கேளுங்கள். ஒரு செம்புச் சுரங்கம் கிடையாது, ஒரு நிக்கல் சுரங்கம் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரும்பு அல்லாத உலோகங்களில் உலகின் பெரிய ஏற்றுமதியாளர்களில் அந்த நாடும் ஒன்று! ரஷ்யாவில் ஏற்றுமதிக்கு உரிமம், ஒதுக்கீடு, வரி. உள்ளூர் விலைக்கும் உலக விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே உலோகம் பழைய இரும்பு என்றும், பாதி முடிந்த சாமான் என்றும் பெயர் மாற்றிக்கொண்டு எல்லை தாண்டி, தாலின் துறைமுகத்தில் கப்பலேறும். ரஷ்ய ஏற்றுமதிக் கணக்கை மட்டும் வைத்து உற்பத்தியைக் கண்டுபிடிக்கப் போனவர்கள் எல்லாம் அங்கே விழுந்தார்கள். வாங்கிய நாட்டின் இறக்குமதிக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ரஷ்யா என்று தேடினால் போதாது, எஸ்டோனியா, லாட்வியா என்றும் தேட வேண்டும்.

உங்கள் கிர்கிஸ் ஆண்டிமனி எனக்குப் பழைய நண்பர். கதம்ஜாய் என்ற ஊரில் ஆலை இருக்கிறது. சோவியத் ஆண்டிமனியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அந்த ஆலை உருக்கிய தாது எல்லாம் கிர்கிஸ் மண்ணில் தோண்டியது இல்லை. ரஷ்யாவின் யாகூத்தியாவிலிருந்தும் தஜிகிஸ்தானிலிருந்தும் கான்சன்ட்ரேட், அதாவது அரைத்துச் செறிவாக்கிய தாது, ரயிலேறி வரும். ஒரே நாடாக இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. பிரிந்த பிறகு, சுரங்க உற்பத்தி என்று கேட்டால் சின்ன எண், உலோக உற்பத்தி என்று கேட்டால் பெரிய எண். உங்கள் இரண்டு அட்டவணையும் சரியாகவே இருக்கலாம். தலைப்பில் சுரங்கமா உருக்காலையா என்று பாருங்கள். கஜகஸ்தானின் கெம்பிர்சாய் நிக்கல் தாதுவும் அப்படித்தான். எல்லை தாண்டி ஓர்ஸ்க் ஆலைக்குப் போய் ரஷ்ய நிக்கலாக வெளியே வரும். ஐந்து உலோகத்துக்கும் தாது, கான்சன்ட்ரேட், உலோகம் என்று மூன்று பத்தி போட்டு, எந்த எண் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் அதை உள்ளே விடாதீர்கள்.

அட்டவணை வேலையில் ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கவிழ்க்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் ஆண்டு நூல்களில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக 'இ' என்றும் 'ஆர்' என்றும் ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது மதிப்பீடு, இரண்டாவது திருத்தப்பட்டது. பிடிஎஃபிலிருந்து எக்செலுக்கு நகலெடுக்கும்போது அந்த எழுத்து உதிர்ந்துவிடும், மதிப்பீடும் உண்மைக் கணக்கும் ஒரே நிறமாகிவிடும். அடிக்குறிப்பு எண் வேறு மாதிரி. அது உதிராது, ஒட்டிக்கொள்ளும். 450 டன்னோடு 3 ஒட்டினால் 4503. தொடரில் ஓர் ஆண்டு மட்டும் பத்து மடங்கு குதித்தால் முதலில் இதைப் பாருங்கள். அப்புறம், 1993க்கான எண்ணை 1993 நூலிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வோர் அட்டவணையிலும் ஐந்து ஆண்டு இருக்கும். 1997 நூலில் இருக்கிற 1993தான் கடைசியாகத் திருத்தப்பட்டது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஒரு தனிக் கட்டுரைக்குத் தேறும்.

கரிசல்காட்டான் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. கைடிடம் காட்டினேன். 'வாரிசு' விஷயத்தை ஓர் இயலாகவே எழுதச் சொல்கிறார்.

ஒரு சந்தேகம். அரசு ரகசியம், வணிக ரகசியம் இரண்டும் சேர்ந்து பூட்டியிருந்தால் பிறகு எண்கள் எப்படி வெளியே வந்தன? 2005க்கு அருகில் என் தொடர் நன்றாகவே இருக்கிறது. ஜனநாயகம் வளர்ந்ததாலா?

பழைய கணக்கன் எழுதியது:

ஜனநாயகமா! கடன் வாங்க வேண்டியிருந்தது, தம்பி.

சொந்த ஊரில் வளைத்துப் போட்ட ஆலையை உலகச் சந்தையில் பங்காக விற்க வேண்டும் என்றால் லண்டன் பங்குச் சந்தை கேட்கிற எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கஜக்மிஸ் செம்பு நிறுவனம் 2005இல் லண்டனில் பட்டியலானது. குரோமைட் வைத்திருந்த இ.என்.ஆர்.சி. 2007இல். அதுவரை ஒரு வரி வாங்க முடியாமல் தவித்த சுரங்கங்களுக்கு தாது தரம், தாதுவிலிருந்து உலோகம் மீட்கும் விகிதம், டன்னுக்குச் செலவு வரை அச்சடித்த புத்தகமாக வந்தது. பழைய சி1, சி2 இருப்பை மேற்கத்திய விதிப்படி மறுபடி கணக்கிட வேண்டியிருந்தது. அதில் பல ஊர்களின் 'இருப்பு' நன்றாகவே இளைத்தது. திட்டக் காலத்தில் செலவைப் பார்க்காமல் எண்ணியது, லாபத்துக்குத் தோண்ட முடியுமா என்று கேட்டதும் இளைக்காமல் என்ன செய்யும்?

ரகசியம் சந்தையையே எப்படிக் கடித்தது என்பதற்கு பல்லேடியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகிலேயே அதிகம் எடுப்பது ரஷ்யா, அங்கே நோரில்ஸ்க் நிறுவனம். வருடம் எவ்வளவு எடுக்கிறார்கள், அரசுக் கிடங்கில் எவ்வளவு மிச்சம் என்பது அப்போது அரசு ரகசியம். 1997இல் ஏற்றுமதி மாதக்கணக்கில் தாமதமானது. காகிதம் வரவில்லை என்றார்கள். கார் கம்பெனிகளுக்குப் புகை வடிகட்டிக்கு அது இல்லாமல் முடியாது. பயந்து வாங்கிக் குவித்தார்கள். 2001 ஜனவரியில் அவுன்ஸ் 1,000 டாலரைத் தாண்டியது. பிறகு சரக்கு வந்தது, விலை பொத்தென்று விழுந்தது. வாங்கிக் குவித்ததில் ஃபோர்டு ஏறத்தாழ 100 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2003–04இல் சட்டம் தளர்ந்த பிறகுதான் நோரில்ஸ்க் தன் பிளாட்டினம், பல்லேடியம் எண்களைச் சொல்லத் தொடங்கியது. கணக்கு தெரியாததால் வாங்குகிறவன் ஓடிப் போய் மாற்றுப் பொருள் தேடுகிறான் என்று விற்கிறவனுக்கே உறைத்திருந்தது.

உஸ்பெகிஸ்தானின் அரசுச் சுரங்கத்துக்கு வெளிநாட்டில் பங்கு விற்கும் தேவையும் இல்லை, வெளிக் கடனுக்கு அவசரமும் இல்லை. முருன்தாவ் போல உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு 2010களின் கடைசி வரை பூட்டியே வைத்திருந்தார்கள். உங்கள் தொடரில் உஸ்பெக் தங்கத்துக்கு வருகிற எல்லாவற்றையும் மதிப்பீடு என்றே எழுதுங்கள். அழகாக முழு எண்ணாக, ஆண்டுக்காண்டு மாறாமல் நின்றால் அதுவே சாட்சி.

உலான்பத்தோர் வாசி எழுதியது:

மங்கோலியாவைப் பத்தி நான் சொல்லலாமா? இங்க ஒரு சுரங்க கான்ட்ராக்ட் கம்பெனில கணக்குப் பிரிவுல இருக்கேன்.

இந்த ஊர் தங்க உற்பத்தி வரைபடம் பார்த்தா தரைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, வரிச் சட்டத்துல என்ன நடந்துச்சுன்னுதான் தெரியும். 2006ல திடீர் லாப வரின்னு கொண்டுவந்தாங்க. தங்கம் அவுன்ஸ் 500 டாலரைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு 68 சதவீதம். அதுக்கப்புறம் அரசாங்கக் கணக்குல தங்க உற்பத்தி வருஷா வருஷம் இறங்குது. உலகத்துல தங்க விலை ஏறிக்கிட்டே போன காலம் அது! யாராவது தோண்டாம இருப்பானா? சரக்கு தெற்கு எல்லை வழியா போயிருச்சு. 2011லருந்து அந்த வரி இல்ல. அப்புறம் 2014ல, மத்திய வங்கிக்கே கொண்டுவந்து வித்தா ராயல்டி 2.5 சதவீதம் மட்டும்னு சொன்னாங்க. வங்கி வாங்கின தங்கம் ஒரே வருஷத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. புதுசா எந்த மலையும் கண்டுபிடிக்கல.

கையால தோண்டுறவங்களும் ஆயிரக்கணக்குல இருக்காங்க. முதுகுல பச்சை பிளாஸ்டிக் தொட்டிய மாட்டிக்கிட்டுப் போறதால நிஞ்சான்னே பேரு. அந்தத் தங்கம் கடைக்காரன் கைக்குப் போகும், அவன் யாருக்கு விக்கிறான்கிறதைப் பொறுத்துதான் அது புள்ளிவிவரம் ஆகுதா இல்லையாங்கிறது. உங்க ஆய்வுக் காலம் 2005ல முடியுதுன்னா நல்லவேளை. ஆனா 2006ஐயும் சேத்துக்கிட்டா கைடு கேட்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எர்தெனெத் செம்பு மட்டும் கவலை இல்ல. 1978லருந்து ஓடுது, சோவியத்தோட கூட்டு நிறுவனமா ஆரம்பிச்சது, கான்சன்ட்ரேட் டன்னு ஒழுங்கா இருக்கும். இங்க உருக்காலை கிடையாது, அதனால 'மங்கோலிய செம்பு'ன்னு எங்கயாவது பெரிய எண் பார்த்தீங்கன்னா அது கான்சன்ட்ரேட்டோட மொத்த எடையா, உள்ள இருக்கிற செம்பு எடையான்னு கேளுங்க. நாலு மடங்கு வித்தியாசம் வரும்.

நாக்பூர் வெயில் எழுதியது:

எல்லாரும் மத்திய ஆசியாவையே பேசுறீங்க. நம்ம நாடும் 1991ல திறந்ததுதான், 1993ல கனிமக் கொள்கை மாறிச்சு. ஆனா இங்க கணக்கு கெட்டது தனியார் வந்ததால இல்ல, கையொப்பம் ஒண்ணு மாறினதால. 2015 பிப்ரவரில 31 கனிமங்களைச் 'சிறு கனிமம்'னு அறிவிச்சாங்க. மைக்கா, ஃபெல்ஸ்பார், பேரைட்ஸ், ஜிப்சம் எல்லாம் அதுல போச்சு. சிறு கனிமம்னா மாநில அரசு கையில. அதுவரை மாசாமாசம் நாக்பூர்ல இந்தியச் சுரங்கப் பணியகத்துக்கு வந்த விவரம் அப்படியே நின்னுருச்சு. ஆண்டு நூல்ல அந்தக் கனிமங்களோட வரிசை அந்த வருஷத்தோட வெட்டுப்படும். மைக்கா விஷயத்துல அதுக்கு முன்னாலயே கணக்குல ஏற்றுமதி ஒரு மலை, உற்பத்தி ஒரு மடு. அதுக்கப்புறம் அந்த மடுவும் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு.

வாரிசு இல்லாம போனதுன்னு ஐயா சொன்னாரே. இங்க முப்பது வாரிசு.

மலைக்கோட்டை மைனர் எழுதியது:

சரி சரி, தேயிலையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு கேள்வி: காகிதச் சரிவுன்னு சொன்னீங்களே, அது நிஜம்னு எப்படி நிரூபிக்கிறது? மறைச்சதை யார் பார்த்தா?

பழைய கணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி, மைனர். நேராகப் பார்த்தவர் இல்லை, ஆனால் பிறகு அரசே திருத்தி ஒப்புக்கொண்ட இடம் உண்டு. சீன நிலக்கரி. 1998இல் சின்னச் சுரங்கங்களை மூடச் சொல்லி பெய்ஜிங் உத்தரவு போட்டது. உள்ளூர் அதிகாரிகள் மூடிவிட்டோம் என்று எழுதினார்கள். அதிகாரபூர்வ உற்பத்தி 1996–97இல் 140 கோடி டன்னை ஒட்டி இருந்தது, 2000இல் 100 கோடிக்கு இறங்கியது. பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்த நாட்டில்! பிறகு பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தி அதே 2000ஆம் ஆண்டை 130 கோடிக்கு மேல் என்று திருத்தினார்கள். 'மூடிய' சுரங்கங்கள் இரவில் லாரி ஏற்றிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

பயன்படுத்துகிற பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் வழி. நிலக்கரிக்கு மின்சாரம், செம்புத் தாதுவுக்கு உருக்காலை, எல்லாவற்றுக்கும் ரயில் சரக்கு. ரயில்வேக்காரன் டன்னுக்குக் கூலி வாங்குகிறான், அவனுக்குக் குறைத்து எழுதக் காரணம் இல்லை.

கரிசல், விகிதம் போட்டுப் பின்னோக்கிப் போகும் உங்கள் யோசனைக்கு வருகிறேன். உலோகத்தைப் பொறுத்தது. குரோமைட்டுக்குத் தாராளமாகப் போடலாம். சோவியத் குரோமைட் கிட்டத்தட்ட முழுவதும் கஜகஸ்தானின் குரோம்தாவ் வட்டாரம், பிரிப்பதற்கே ஒன்றும் இல்லை. நிக்கலில் சுரங்கப் பத்திக்கு கெம்பிர்சாயை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ரஷ்யா என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஐந்து நாட்டுக்குள் பெரிய பிழை வராது. செம்பில் கூடாது. 1992இல் ஒவ்வொரு ஆலையும் வெவ்வேறு காரணத்துக்காக வெவ்வேறு வேகத்தில் படுத்தது, அந்த ஆண்டு விகிதம் 1985க்குப் பொருந்தாது. ஆண்டிமனிக்குக் கதம்ஜாய் கதை தெரிந்துவிட்டது. கிர்கிஸ் தங்கத்துக்கு விகிதமே வேண்டாம். கும்தோர் சுரங்கம் 1997இல்தான் ஓடத் தொடங்கியது, அந்த ஒரே சுரங்கம் நாட்டின் மொத்த வருமானத்தையே ஆட்டிவைத்தது. 'கும்தோரைச் சேர்த்து', 'கும்தோர் நீங்கலாக' என்று அவர்களே வளர்ச்சி விகிதத்தை இரண்டாகப் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை உங்கள் அட்டவணைக்கும் கடன் வாங்குங்கள்.

1991க்கும் 1992க்கும் நடுவே கோடு ஒன்று கிழித்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனித் தொடராகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று கைடு சொன்னால் குரோமைட்டை மட்டும் ஒட்டிக் காட்டுங்கள்.

ஆய்வை 2005க்குப் பிறகு நீட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே ரஷ்யக் கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து விரிவான சுங்கக் கணக்கை வெளியிடுவதை நிறுத்தினார்கள். 2023இல் கச்சா எண்ணெய் உற்பத்தி எண்ணும் நின்றது. எங்கள் பழைய மேசைக்காரர்கள் மறுபடி வாங்குகிற நாடுகளின் சுங்கத்தையும் கப்பல் நடமாட்டத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

குரோமைட் பத்திகளை முடித்ததும் இங்கேயே போடுங்கள், தாதுவா கான்சன்ட்ரேட்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கரிசல்காட்டான் எழுதியது:

அடுத்த ஞாயிறு போடுகிறேன் ஐயா. ரயில் சரக்குக் கணக்கு கஜகஸ்தானுக்கு எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ரஷ்ய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை.